பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்

அரூரில் உரக்கடைக்கு மேலே ஒற்றை ஜன்னல் வைத்த அறை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கீழே கடை சாத்தியிருந்தது. கடையைச் சாத்தினாலும் பூச்சிமருந்து வாடை மட்டும் படியேறி மேலே வந்துவிடும். அந்த அறையில்தான் என் அண்ணன் குமரேசன் எங்கள் ஆட்டத்தை முதன்முதலாக ஆடினார்.

ஆட்டம் என்று நான் சொல்வது வீடியோ கேமை. பெங்களூரு வேலையை விட்டுவிட்டுக் கம்பைநல்லூருக்கே திரும்பி வந்ததைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். வந்து என்னதான் செய்தீர்கள் என்று இரண்டு மூன்று பேர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். இதைத்தான் செய்தேன். கல்லூரியில் என்னோடு படித்த மாதேஷும் நானும் சேர்ந்து ஒரு ஆட்டம் செய்துகொண்டிருந்தோம். நிரல் எழுதுவது அவன். படம் வரைவது நான். உரக்கடை அவனுடைய தாய்மாமனுடையது. மேல் அறையைச் சும்மா கொடுத்திருந்தார்.

ஆட்டத்தின் பெயர் ‘கிணற்று வீரன்’. தலைப்பாகை கட்டிய ஒருவன் பாழுங்கிணற்றுக்குள் பத்து நிலை கீழே இறங்க வேண்டும். வௌவால், முள், உருண்டு வரும் பாறை, ஏணி எல்லாம் உண்டு. பார்த்தால் முப்பது வருடத்துக்கு முந்தைய ஆட்டம் போல இருக்கும். அப்படி இருக்க வேண்டும் என்றுதான் செய்தோம். மொத்தம் பதினாறு நிறம். கீச் கீச்சென்று சத்தம். இந்த மாதிரி ஆட்டத்துக்கு ரெட்ரோ என்று பெயர். எங்களைப் போல இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்து ஆட்டம் செய்கிறவர்கள் உலகம் முழுக்க இதைச் செய்கிறார்கள்.

அண்ணனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் அவர் செய்வது பில் போடுவது ஒன்றுதான். ஆனால் ஆட்டத்துக்கான ரிமோட்டைக் கையில் கொடுத்ததும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவருடைய கட்டைவிரல்கள் தாமாகவே இடம் பார்த்துப் போய் நின்றன. முதல் நிலையை ஒரு தடவைகூடச் சாகாமல் முடித்தார். இரண்டாவதில் பாறை வருவதற்கு முன்பே குதித்தார். மாதேஷ் என்னைப் பார்த்துச் சிரித்தான். இதற்குத்தானே ஒன்றரை வருடம் உழைத்தோம்.

ஐந்தாவது நிலையில் செத்துப்போய் ரிமோட்டைக் கீழே வைத்தார் அண்ணன்.

“அச்சு அசல், பாப்பா. நாங்க அப்ப ஆடுன மாதிரியே இருக்குது,” என்றார். பிறகு, தான் வாங்கி வந்த மிக்சர் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, “ஆனா நீ ஒரு நாளும் ஆடுனதே இல்லியே. எப்பிடி இவ்ளோ ஞாபகம் வெச்சிருக்கற?” என்று கேட்டார்.

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மாதேஷ் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காரணம் இருந்தது. ஆட்டம் தொடங்கும்போது திரையில் ஒரு வரி வரும். அதை எழுதியது நான். ‘சிறுவயதில் நாங்கள் விளையாடிய ஆட்டங்களுக்கு எங்கள் வணக்கம்.’

ஆளுக்கு மூன்று உயிர்

எங்கள் வீட்டுக்கு டிவி கேம் வந்தது ஒரு முழுப்பரீட்சை லீவில். அப்பா தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த கடையில் வாங்கிவந்தார். சாம்பல் நிறப் பெட்டி, இரண்டு ரிமோட், மஞ்சள் கேசட் ஒன்று. முதல் வாரத்திலேயே ஒரு ரிமோட்டின் பொத்தான் உள்ளே போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

ஆடுகிறவர்கள் மூன்று பேர். அண்ணனும் பெரியப்பாவின் இரண்டு பிள்ளைகளும். ஒருவருக்கு மூன்று உயிர். மூன்றும் போனால் ரிமோட் அடுத்த கைக்குப் போக வேண்டும். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். அந்தச் சுற்றில் என் கை வரவே வராது. ஒருமுறை கேட்டேன். “நீ உடனே செத்துருவ பாப்பா, லைஃபு வீணாப் போயிடும்,” என்றார் அண்ணன். அதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது.

என் இடம் சுவர் ஓரமாக, ஸ்டெபிலைசருக்குப் பக்கத்தில். அதில் வோல்டேஜ் காட்டும் முள் கீழே இறங்கினால் சத்தம் போட வேண்டும். எங்கள் தெருவில் மாலையில் வோல்டேஜ் அப்படி இறங்கும். முள்ளைப் பார்க்க உட்கார வைத்தவள் முள்ளை விட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று கோடை விடுமுறை அப்படிப் பார்த்தேன். ஆடுகிறவனுக்குக் கண் தன் ஆள் மேலேயே இருக்கும். அடுத்த அடி எங்கே வைப்பது என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. எனக்குத் திரை முழுக்கத் தெரியும். பின்னால் ஒன்று வருவது தெரியும். சுவரில் ஒரு செங்கல் மட்டும் நிறம் மாறி இருப்பது தெரியும். “மேல ஒண்ணு இருக்குதுண்ணா” என்பேன். அவர் குதிப்பார். மூட்டை மூட்டையாகக் காசு கொட்டும். மூன்று பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொள்வார்கள்.

அழுததாக ஞாபகம் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலத்தில் பக்கத்தில் இடி இறங்கி டிவியோடு அந்தப் பெட்டியும் போனது. புதிது வாங்கவில்லை. அண்ணன் பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தார்.

கட்டத்துக்கு நிறம்

படம் வரைய எங்கே கற்றீர்கள் என்று கேட்கிறார்கள். புள்ளி புள்ளியாக வரைவதைப் பார்த்ததும் கோலத்திலிருந்து வந்ததா என்பார்கள். எனக்குக் கோலம் போட வராது. மார்கழியில் அம்மா என்னை வாசலுக்கே விடமாட்டார்.

கற்றது பெங்களூரு அலுவலகத்தில். மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் வேலை. நாள் முழுக்கக் கட்டம் போட்ட ஒரு ஷீட்டில் பிழைகளைப் பதிவு செய்ய வேண்டும். மதிய இடைவேளையில் சும்மா ஒரு கட்டத்துக்குச் சிவப்பு அடித்தேன். பக்கத்துக் கட்டத்துக்கும் அடித்தேன். அன்று ஒரு தக்காளி வந்தது. ஒரு வாரத்தில் ஒரு கோழி வந்தது. ஒன்பது வருட வேலையில் என்னிடம் தங்கியது அந்தப் பழக்கம்தான். கம்பைநல்லூருக்கு வந்த பிறகும் அம்மா பக்கத்து வீட்டாரிடம், “எப்பப் பாரு கட்டத்துக்குப் பெயிண்ட் அடிச்சிக்கினு உக்காந்திருக்கறா,” என்றுதான் என் தொழிலை விளக்குவார்.

சிறு குழுக்கள் ஏன் பழைய தோற்றத்துக்குப் போகின்றன என்பதற்கு ஒரு எளிய பதில் உண்டு. இரண்டு பேரால் பெரிய நிறுவனங்கள் போலப் படம் காட்ட முடியாது. பதினாறுக்குப் பதினாறு கட்டத்தில் ஒரு வீரனை ஒரு மதியத்தில் வரைந்துவிடலாம்.

ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. பழைய டிவியில் படத்தின் மேல் ஓடும் கோடுகளை நாங்கள் மெனக்கெட்டு எங்கள் ஆட்டத்தில் சேர்த்தோம். மாதேஷ் அதற்காக நான்கு நாள் உட்கார்ந்தான். அந்தக் கோடு போக வேண்டும் என்று என் அப்பா ஏணி போட்டு ஏறி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருப்பார். நாங்கள் அதை விலைமதிப்பில்லாத பொருள் போல எடுத்துவைத்தோம்.

மறுபடியும் அந்த அறை

அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஜன்னல் வழியே திருவண்ணாமலை பஸ் போகும் சத்தம் கேட்டது. முதல் திரையில் வரும் அந்த வணக்க வரியை எடுத்துவிடலாம் என்றேன். ஒரு வரிதானே, யார் படிக்கப் போகிறார்கள் என்றான் மாதேஷ்.

எனக்கு உறுத்தியது வரி மட்டும் இல்லை. லேப்டாப்பைத் திருப்பி வைத்துக்கொண்டு பத்து நிலையையும் ஒன்றொன்றாக ஓட்டிக் காட்டினேன். வௌவால் எங்கிருந்து வந்தது, ஏணி எங்கிருந்து வந்தது, பாறை எந்தக் கேசட்டில் எத்தனையாவது ஸ்டேஜில் வந்தது என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது. நாமே முதலில் யோசித்தது எது என்று கேட்டேன். நான்காவது நிலையில் நான் வைக்கச் சொன்ன ஒரு ரகசியக் கதவு இருந்தது. அதைத் தவிர ஒன்றும் இல்லை.

மாதேஷ் கோபக்காரன் இல்லை. பொறுமையாகத்தான் வாதாடினான். வெண்பாவுக்குத் தளை இருக்கிறதே, தளை தட்டாமல் இன்று ஒருவன் எழுதினால் பழசைக் காப்பி அடிக்கிறான் என்றா சொல்வாய் என்று கேட்டான். பதினாறு நிறம் என்பதும் ஒரு தளை. அதற்குள் நின்று நன்றாகச் செய்தால் போதாதா என்றான்.

நல்ல கேள்விதான். நான் சொன்னது வேறு. அந்தப் பழைய ஆட்டங்களைச் செய்தவர்கள் திரும்பிப் பார்த்துச் செய்யவில்லை. அவர்களுடைய இயந்திரத்துக்கு அவ்வளவு நிறம்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு யாரும் பார்க்காத ஒன்றைச் செய்தார்கள். வெண்பாவில் புதிதாக ஒன்றைச் சொல்பவனுக்கும், தனக்குப் பிடித்த வெண்பாவையே சொல் மாற்றி எழுதுபவனுக்கும் வித்தியாசம் இல்லையா?

அவன் எழுந்து ஜன்னலைச் சாத்தினான். பிறகு அவனுடைய அப்பாவைப் பற்றிச் சொன்னான். அவர்கள் ஊர் பாலக்கோடு பக்கம். அப்பா ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். வந்தால் குளித்துச் சாப்பிட்டுவிட்டு மகனுக்குப் பக்கத்தில் ஒரு ரிமோட்டை எடுத்துக்கொண்டு உட்காருவார். எட்டாவது ஸ்டேஜை அவர் தாண்டியதே இல்லை. மாதேஷ் கல்லூரிக்கு வந்த வருடம் இறந்துபோனார். எனக்கு அது தெரியும். ஆனால் அந்த ஆட்டத்துக்கும் அப்பாவுக்கும் இருந்த தொடர்பை அன்றுதான் அவன் வாயால் கேட்டேன்.

நான் லேப்டாப்பை மூடிவைத்தேன். வரியும் அப்படியே இருந்தது.

‘நானு நோட்தீனி’

இரண்டு வாரம் கழித்துப் பெங்களூருவில் ஒரு கண்காட்சி. ஆட்டம் செய்யும் சிறு குழுக்கள் ஒரு பெரிய கூடத்தில் ஆளுக்கொரு மேசை போட்டு இரண்டு நாள் உட்கார வேண்டும். வருகிறவர்கள் ஆடிப் பார்ப்பார்கள். வெளிநாட்டுப் பதிப்பாளர்களும் வருவார்கள்.

எங்கள் மேசையில் கூட்டம் குறையவே இல்லை. இரண்டாம் நாள் காலையில் ஒருவர் வந்தார். தாடியில் நரை. உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு நிலையிலும் இது இந்த ஆட்டத்திலிருந்து, இது அந்த ஆட்டத்திலிருந்து என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே ஆடினார். ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை. மாதேஷ் அவர் பக்கத்தில் குனிந்து நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான். இருவர் முகத்தையும் பார்த்தால் ஒரே வகுப்பில் படித்தவர்கள் மாதிரி இருந்தது.

அவருடைய மனைவி இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றிருந்தார். உட்கார நாற்காலி போட்டேன். நீங்களும் ஆடுகிறீர்களா என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டேன். “பேடா, நானு நோட்தீனி,” என்றார். வேண்டாம், நான் பார்க்கிறேன் என்று அர்த்தம்.

அவர் பார்த்தார். கணவர் நான்காவது நிலைக்கு வந்தபோது பையை மடியில் வைத்துவிட்டுத் திரையின் மூலையைச் சுட்டிக்காட்டி, “அல்லி நோடி” என்றார். அங்கே பாருங்கள் என்கிறார். அங்கே சுவரில் இரண்டே இரண்டு புள்ளி நிறம் மாறி இருக்கும். என்னுடைய ரகசியக் கதவு அதுதான். இரண்டு நாளாக ஆடிய ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. இந்த அம்மாள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

கணவர் அங்கே போய் முட்டினார். கதவு திறந்தது. அவர் ஆடுவதை நிறுத்திவிட்டு, இது எந்த ஆட்டத்தில் வரும் என்று என்னைக் கேட்டார். எதிலும் வராது என்றேன். “ஓ” என்றார். ஆட்டத்தைத் தொடர்ந்தார். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மாளும் எதையும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. மறுபடியும் திரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அதன் பிறகு மேசையருகே நிற்க முடியவில்லை. டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனேன். முப்பது வருடத்துக்கு முன்னால் நான் ஆடவில்லை, சரி. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. நான் செய்துகொண்டிருந்த காரியம் ஒன்று இருந்தது. அதைப் பற்றி யாருமே ஒரு ஆட்டம் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. அண்ணன்மார்களுடைய ஞாபகத்தைத்தான் ஒன்றரை வருடமாக வரைந்துகொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது ரயிலில் மாதேஷிடம் சொன்னேன். அவன் வேறு மனநிலையில் இருந்தான். ஒரு பதிப்பாளர் ஆட்டத்தை வெளியிடச் சம்மதித்திருந்தார். மூன்று மாதத்தில் முடித்துக் கொடுக்க வேண்டும். இவனோ ஓசூரில் பார்த்த வேலையை இதற்காக விட்டுவிட்டு வந்தவன். அந்த நேரத்தில் போய், இதில் என் பெயர் வேண்டாம், எனக்கு வேறு ஆட்டம் செய்ய வேண்டும் என்றேன். நேரம் பார்த்துப் பேசத் தெரியாத குணம் எனக்கு எப்போதும் உண்டு.

முதலில் கேட்டுக்கொண்டிருந்தான். பழசைக் கட்டிக்கொண்டு அழுவது சோம்பேறித்தனம் என்று நான் ஒரு வார்த்தை விட்டேன். அவன் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினான்.

“உனக்கு அந்த ஞாபகம் இல்ல அம்சா. அதுக்காக என் ஞாபகத்த எதுக்குக் குத்தம் சொல்ற?”

அதற்கு இன்றைக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. பாலக்கோட்டில் ரயில் நின்றதும் பையை எடுத்துக்கொண்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனான்.

அவன் வரி

அதுவரை தோராயப் படங்களோடு ஓடிக்கொண்டிருந்த கடைசி மூன்று நிலைகளுக்கும் முழுப் படங்களை வரைந்து அனுப்பினேன். ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் விடக்கூடாது என்பது ஒரு காரணம். ரயிலில் விட்ட அந்த வார்த்தைக்கு என்னால் முடிந்த மன்னிப்பு அதுதான் என்பது இன்னொரு காரணம். இருவருக்கும் இடையில் அந்த மூன்று மாதமும் மின்னஞ்சல் மட்டும்தான். ‘எட்டாவது நிலை இணைத்திருக்கிறேன்.’ ‘கிடைத்தது.’ அவ்வளவே.

ஆட்டம் வெளிவந்த அன்று வீட்டில் உட்கார்ந்து தனியாக ஆடினேன். முதல் திரையில் என் வரி இல்லை. அதற்குப் பதில் இப்படி இருந்தது: ‘சிறுவயதில் நான் ஆடிய ஆட்டங்களுக்கும், என்னோடு ஆடிய அப்பாவுக்கும். – மாதேஷ்.’ கீழே, ‘படங்கள்: அம்சவேணி.’

அது சரியான வரி. அந்த வரியோடு பார்த்தபோது ஆட்டமும் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. எட்டாவது நிலையை அவன் மற்றதைவிடச் சுலபமாக ஆக்கியிருந்தான். நான் அனுப்பிய முட்களில் பாதியை எடுத்துவிட்டிருந்தான். அங்கே ஒருவரைத் தாண்டவைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான். முப்பது வருடத்துக்கு முந்தைய கேசட் எதிலும் அப்படி ஒரு நிலை கிடையாது. இதுவும் புதிது இல்லாமல் வேறு என்ன?

விமர்சனங்கள் இரண்டு விதமாக வந்தன. கண்ணில் நீர் வந்தது என்று எழுதியவர்கள் உண்டு. இதைப் போல நூறு வந்துவிட்டது, நூற்று ஒன்றாவது எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே உண்மையாகத்தான் பட்டது. ‘எட்டாவது நிலை நன்றாக இருக்கிறது’ என்று மாதேஷுக்கு ஒரு வரி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, ‘நீ கண்டுபிடிப்பன்னு தெரியும்’ என்று பதில் வந்தது.

கண் ஒருத்தர், கை ஒருத்தர்

சேலத்துக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வோம். ஒரு நாள் அப்படி நின்றபோது எனக்கு ஆட்டம் கிடைத்தது. மலைப்பாதையில் பனிமூட்டம். ஒரு லாரி இறங்க வேண்டும். இரண்டு பேர் ஒரே திரைக்கு முன்னால் உட்கார வேண்டும். ஒருவர் கையில் ரிமோட். இன்னொருவருக்கு ஒன்றும் கிடையாது. பொத்தான் இல்லை, திரையில் உருவம்கூட இல்லை. ஆனால் கல், மாடு, எதிரே வரும் வண்டி எல்லாம் பனிக்குள் ஓரத்தில் ஒரு கணம் தெரிந்து மறையும். லாரி மேலேயே கண் வைத்து ஓட்டுகிறவரால் அதைப் பார்க்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் இல்லாமல் ஒரு வளைவுகூடத் தாண்ட முடியாது.

இரண்டு பேர் பேசிக்கொண்டே ஆடும் ஆட்டங்கள் உலகத்தில் முன்பே இருக்கின்றன என்று பிறகு தெரிந்துகொண்டேன். பரவாயில்லை. இது நான் எடுத்துவந்தது என் சுவர் ஓரத்திலிருந்து. லாரியையும் கட்டம் கட்டமாகத்தான் வரைந்தேன். எனக்கு அப்படித்தான் வரைய வரும்.

நிரல் எழுதக் கற்றுக்கொள்ள ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஓரளவு ஓட ஆரம்பித்ததும் மாதேஷைக் கூப்பிட்டேன். அதற்குள் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி சுமதி தருமபுரியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். இருவரும் ஒரு சனிக்கிழமை காலை கம்பைநல்லூருக்கு வந்தார்கள். அம்மா களியும் கோழிக் குழம்பும் செய்திருந்தார். பழைய சண்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. மாதேஷ் கை கழுவிவிட்டு வந்து நேராக ரிமோட்டை எடுத்தான்.

சுமதி வீடியோ கேம் ஆடியதே இல்லை என்றார். ஆட வேண்டாம், பார்த்தால் போதும் என்று சொல்லி அவன் பக்கத்தில் உட்கார வைத்தேன். லாரி இறங்கியது. முதல் வளைவில் கல்லில் மோதியது. மறுபடி இறங்கியது. மாட்டின் மேல் மோதப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. ஐந்து தடவை, ஆறு தடவை. சுமதி வாயே திறக்கவில்லை. ஆட்டம் தோற்றுவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஏழாவது தடவை விழுந்ததும் மாதேஷ் சலித்துப்போய், இங்கே என்னதான் வருகிறது என்று என்னிடம் கேட்டான்.

“ரைட் சைடுல ஒரு பைக்குங்க,” என்றார் சுமதி. “முன்னாடி தடவையும் அதேதாங்க வந்துச்சு.”

“பாத்தியா? அப்பறம் ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலீங்களே.”

மாதேஷ் அவரைத் திரும்பிப் பார்த்தான். நான் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். என் ஆட்டத்தில் இருந்த பிழை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பார்க்கிறவர் சொல்வதற்கு வழி வைத்திருந்தேன். ஆடுகிறவர் கேட்பதற்கு வழி வைக்கவில்லை. பார்க்கிறவள் தானாகவே கத்துவாள் என்று நினைத்துவிட்டேன். எல்லோரும் கத்திவிடுவதில்லை. பிரேக்கைப் பிடித்து வண்டியை நிறுத்தினால் பனி கொஞ்சம் விலகி ஓரத்தில் இருப்பது நின்று தெரியும்படி பிற்பாடு மாற்றினேன். அந்த நிறுத்தம்தான் இப்போது அந்த ஆட்டத்தின் உயிர் என்று ஆடியவர்கள் சொல்கிறார்கள். ஆடியவர்கள் அதிகம் பேர் இல்லை. ‘கிணற்று வீரன்’ பக்கத்தில்கூட அது வராது.

அன்று அந்த மாற்றமெல்லாம் இல்லை. மாதேஷே வண்டியை நிறுத்தி நிறுத்திக் கேட்க ஆரம்பித்தான். “இப்ப என்னா தெரியுது?” சுமதி சொன்னார். முதலில் மெதுவாக, பிறகு அவன் கேட்பதற்கு முன்பே. மதியத்துக்குள் நான்கு வளைவு தாண்டினார்கள். ஐந்தாவதுக்கு முன்னால் சுமதி கையை நீட்டி, “நான் ஓட்டிப் பாக்கறேங்க, நீங்க சொல்லுங்க,” என்றார்.

மாதேஷுக்குப் பார்க்கத் தெரியவில்லை. சும்மா இருக்கும் கைவிரல்கள் தொடையில் பொத்தானைத் தேடின. கண் லாரியை விட்டு நகரவில்லை. மாடு வந்துபோன பிறகுதான் மாடு என்றான். இரண்டு தடவை லாரி பள்ளத்தில் விழுந்தது. மூன்றாவது தடவை திரையோடு முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“சுமதி, லெப்ட்டுல கல்லு. இல்ல இல்ல, ரைட்டு.”

லாரி விழுந்தது. அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். சுமதி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வண்டியை மறுபடியும் மேலே கொண்டுவந்து நிறுத்தினார்.

“பரவால்லீங்க,” என்றார். “இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்க.”